ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து பார்த்தவர்

கொரட்டூர் நிலையத்தில் கல்லூரிக்குப் போக ரயிலுக்கு நின்றிருந்தேன். என் தங்கை வசந்தாவின் லேத் பட்டறையில் டர்னராக இருக்கும் முனுசாமி, சைக்கிளை வேலியோரம் சாய்த்துவிட்டு நடைமேடை முழுவதும் என்னைத் தேடிக்கொண்டு வந்தார். "டீச்சரம்மா, ஏகாம்பரம் நைனா பூட்டாரு," என்றார். விடியற்காலையில் அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் பஸ் நிறுத்தத்தில் நின்றவர் அப்படியே கீழே உட்கார்ந்தாராம். யாரோ சோடா வாங்கிவருவதற்குள் முடிந்துவிட்டது. காட்டுப்பாக்கத்துக்குப் போவதற்காக நின்றிருக்கிறார்.

நகரத்துக்குப் போகும் வண்டி வந்தது. ஏறவில்லை. எதிர் நடைமேடைக்கு மாறி, திருமுல்லைவாயில் போகும் வண்டிக்குக் காத்திருந்தேன். பெட்டியில் உட்கார இடம் இருந்தும் நின்றுகொண்டே போனேன். ஏகாம்பரம் அவர்களிடம் ஏழு வருடங்களுக்கு முன் நான் கொடுத்த ஒரு வாக்கு அன்று காலையோடு முடிந்துவிட்டது. அதை அன்றே தீர்த்துவிட வேண்டும் என்ற பரபரப்பில் துக்கம்கூட ஒழுங்காக வரவில்லை.

சிறுதொழில் செய்வோர் சங்கத்து மலருக்காக அவரைப் பற்றி எழுதக் கேட்டிருக்கிறார்கள். மூன்று முறை தொடங்கிக் கிழித்தேன். அவரை அறிந்தவர்கள் இந்த எஸ்டேட்டில் நிறையப் பேர். அறியாதவர்களுக்காக முதலில் கொஞ்சம் சொல்கிறேன்.

ஏகாம்பரம் அவர்களின் பெற்றோர் திருமுல்லைவாயிலில் பிறருடைய வயலில் கூலிவேலை செய்தவர்கள். அவர் பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு ஒரு பெரிய தொழிற்சாலையில் உதவியாளாகச் சேர்ந்தார். அந்தத் தொழிற்சாலையின் பெயர் இங்கே வேண்டாம். அங்கே படிப்படியாக உயர்ந்து, ஒரு வேலையைச் செய்து முடிக்க எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று கடிகாரம் வைத்துப் பார்த்து அதற்குக் கூலி நிர்ணயிக்கும் பிரிவுக்கு வந்தார். ஐம்பது வயதுகூட ஆகாதபோது திடீரென்று வேலையை விட்டார். மேலதிகாரியோடு சண்டை என்றார்கள் சிலர். உடம்பு சரியில்லை என்றார்கள் சிலர். அவரிடம் கேட்டால், "போதும்னு தோணிச்சி," என்பதோடு சரி.

அதன் பிறகு சிறு பட்டறைக்காரர்களுக்கும் கடைக்காரர்களுக்கும் யோசனை சொல்லும் வேலையைத் தானே ஏற்படுத்திக்கொண்டார். அதற்கு அவர் வைத்திருந்த முறை விசித்திரமானது. கூப்பிட்டால் காலை ஏழு மணிக்கு வருவார். சொந்தச் சோற்றுப் பாத்திரம், சொந்தத் தண்ணீர், ஒரு ஸ்டாப்வாட்ச். ஒரு முக்காலி கேட்டு வாங்கி, கதவையும் மெஷினையும் ஒருசேரப் பார்க்க முடிகிற மூலையில் போட்டுக்கொள்வார். கடை சாத்தும் வரை வாய் திறக்கமாட்டார். அந்த இடத்தில் ஒரு வாய் டீ குடிக்கமாட்டார். பின்னால் சுவர் இருந்தாலும் சாயமாட்டார். நிமிர்ந்து, ஒரு கால் மட்டும் ஓயாமல் ஆடிக்கொண்டிருக்க, பார்த்துக்கொண்டே இருப்பார். மாலையில் முதலில் ஐந்து ரூபாய் வாங்கிக்கொள்வார். அதற்குத் தமிழில் கையெழுத்துப் போட்டு ரசீது தருவார். அதற்குப் பிறகு ஒன்றே ஒன்று சொல்வார்.

ஏன் ஒன்று மட்டும் என்று ஒருமுறை கேட்டேன். "ரெண்டு சொன்னா, அதுல எது சுளுவோ அத்த மட்டும் செய்வாங்க டீச்சரம்மா," என்றார். இலவசமாகச் சொன்னால் என்ன என்றும் கேட்டேன். "சும்மா சொன்னா தலைய ஆட்டிட்டுப் பூடுவாங்க. அஞ்சு ரூபா குட்தவன் அஞ்சு ரூபாக்காவது செஞ்சி பாப்பான்."

பூந்தமல்லியில் பலகாரக் கடை நடத்திய ஒரு அம்மாளுக்கு வியாபாரம் நன்றாக இருந்தும் கையில் எதுவும் நிற்கவில்லை. இவர் ஒரு நாள் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் பூரியை நிறுத்தச் சொன்னார். நாளெல்லாம் பத்துப் பேர் கேட்கும் பூரிக்காக ஓர் அடுப்பும் ஓர் ஆளும் ஒரு சட்டி எண்ணெயும் காத்திருக்க, தோசைக் கல்லுக்கு முன்னால் வாடிக்கையாளர்கள் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப்போனார்களாம். அந்த அம்மாள் பத்து நாள் வசவு வாங்கினார். இப்போது அந்தக் கடையில் தோசைக்கு இரண்டு கல்.

ஆவடியில் ஒரு சோடா கம்பெனிக்காரர் பழைய வேன் ஒன்று வாங்க நகையை அடகு வைக்க இருந்தார். சரக்கு நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை என்பது அவர் குறை. இவர் உட்கார்ந்து பார்த்ததில், வாடகை வண்டிதான் தினமும் ஒரு மணி நேரம் வாசலில் காத்து நின்றது. பாட்டில் கழுவும் தொட்டி ஒன்றே ஒன்று. "இன்னொரு தொட்டி கட்டு. வேன் வாணாம்," என்றார். நகை வீட்டிலேயே இருந்தது.

இதையெல்லாம் கேள்விப்பட்டபோது எனக்கு மரியாதை வரவில்லை. கல்லூரியில் பொருளாதாரம் சொல்லிக்கொடுப்பவள் நான். ஒரே ஒரு நாளைப் பார்த்துவிட்டு ஒரு தொழிலைப் பற்றித் தீர்ப்புச் சொல்வது சோதிடத்தில் சேர்த்தி என்று நினைத்தேன். அவரிடமே சொல்லியும் இருக்கிறேன். கோபித்துக்கொள்ளவில்லை. "நீங்க சொல்றது சர்தான். ஆனா நான் பாக்கறது வியாபாரத்த இல்ல. மிசினு எப்ப நிக்கிது, ஏன் நிக்கிதுன்றதத்தான். அதுக்கு ஒரு நாளு போதும்," என்றார்.

நான் அவரை முதலில் சந்தித்தது வசந்தாவின் பட்டறையில்.

வசந்தாவின் கணவர் நாற்பத்தொரு வயதில் மாரடைப்பில் போனார். ஏரிக்கரை நிலம் விற்றதில் எங்கள் தந்தை வசந்தாவுக்குக் கொடுத்த பங்கில் வாங்கிய ஒரு லேத், எஸ்டேட்டை ஒட்டி வாடகைக்கு ஒரு தகரக் கொட்டகை, முனுசாமி, பள்ளியில் படிக்கும் இரண்டு பெண் குழந்தைகள். அவர் விட்டுச்சென்றது இவ்வளவுதான். ஒரே தொழிற்சாலைக்குப் பித்தளை புஷ், அதாவது இயந்திர அச்சுக்கு உறையாகப் பொருத்தும் சிறு வளையம், கடைந்து கொடுக்கும் வேலை. பித்தளைக் கம்பியை அவர்களே லாரியில் அனுப்புவார்கள். கடைந்து திருப்பிக் கொடுத்தால் நூறு உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி.

லேத்தை விற்று, வந்ததை அஞ்சலகத்தில் போட்டுவிட்டு என்னோடு வந்து இருக்கும்படி சொன்னேன். வாங்குவதற்கு ஆளையும் நானே பார்த்துவைத்தேன். வசந்தா ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. ஒரு சனிக்கிழமை அந்த ஆளை அழைத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன். மூலையில் முக்காலியில் ஒருவர் நிமிர்ந்து உட்கார்ந்து கால் ஆட்டிக்கொண்டிருந்தார். "இவர் ஏகாம்பரண்ணன். இன்னிக்கு இவர் பாத்துட்டுப் போகட்டும்க்கா. அப்புறம் விக்கிறதைப் பேசலாம்," என்றாள் வசந்தா. நான் அழைத்துவந்தவர் லேத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, மாதக் கடைசிவரை காத்திருப்பதாகச் சொல்லிப் போய்விட்டார். எனக்கு அவமானமாக இருந்தது. அந்தக் கோபத்திலேயே மாலைவரை அங்கேயே இருந்தேன்.

மாலையில் காயலாங்கடைக்காரர் தராசோடு வந்தார். லேத்துக்கு அடியில் வாரமெல்லாம் சேர்ந்த பித்தளைச் சீவலை அள்ளி மூட்டை கட்டி எடை போட்டு வாங்கிக்கொண்டு போனார். இது எஸ்டேட் வழக்கம். கம்பி தொழிற்சாலையுடையது, சீவல் பட்டறைக்காரனுடையது. எழுதிவைத்த விதி எதுவும் இல்லை. சனிக்கிழமை ராத்திரி எல்லாப் பட்டறைக்காரர் வீட்டிலும் கறிக்குழம்பு வைப்பது அந்தச் சீவலில்தான் என்று முனுசாமி சொல்வார்.

மூட்டை போனதும் ஏகாம்பரம் அவர்கள் எழுந்தார். ஐந்து ரூபாயை வாங்கி ரசீது எழுதினார். பிறகு கேட்டார்.

"நீங்க இன்னா தொழில் பண்றீங்கம்மா?"

"இதென்ன கேள்விண்ணே. லேத் பட்டறை."

"இல்ல. நீங்க பண்றது சீவல் வியாபாரம். புஷ்ஷு சும்மா கூட வருது."

முனுசாமி சிரித்துவிட்டார். இவர் சிரிக்கவில்லை. தொழிற்சாலை கொடுக்கும் கூலி முனுசாமியின் சம்பளத்துக்கும் மின்சாரத்துக்கும் கொட்டகை வாடகைக்கும் மட்டுமே சரியாகிவிடுகிறது, வீட்டுக்கு எடுத்துப்போவதெல்லாம் அந்த மூட்டைதான் என்று விளக்கினார். "அது அவங்க சொத்து. இன்னிக்கி உட்டு வச்சிகிறாங்க. சீக்கிரமே ஒரு நாள் எடை போட்டுக் குடுன்னு கேப்பாங்க. அன்னிக்கி உங்க கையில இன்னா கீது? சீவலே இல்லன்னு வச்சிகினு ரேட்டு கேளுங்க. இப்பவே கேளுங்க."

நான் குறுக்கிட்டேன். வாங்குபவர் ஒருவர், விற்பவர் நூறு பேர் என்ற நிலையில் விலை சொல்வது யாருடைய உரிமை என்று முதலாண்டு மாணவிகூடச் சொல்வாள் என்றேன். அவர் தலையசைத்தார். "அப்ப ஒரே ஒருத்தருகிட்ட வேல வாங்கறதும் தப்புதான் டீச்சரம்மா. ஆனா இன்னிக்கி நான் ஒண்ணுதான் சொல்வேன்."

திங்கட்கிழமை வசந்தா போய்க் கேட்டாள். துணைக்கு நானும் போனேன். கொள்முதல் அதிகாரி மிகவும் மரியாதையாக நாற்காலி போட்டு உட்காரவைத்தார். அவள் கணவர் இத்தனை வருடம் முகம் கோணாமல் வாங்கிய ரேட் இது என்று நினைவூட்டினார். யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். அடுத்த மாதம் கம்பி லாரி வரவில்லை. அதற்கடுத்த மாதமும் வரவில்லை. லேத் வாங்க வந்தவர் வேறோர் இடத்தில் வாங்கிக்கொண்டார்.

நான்கு மாதம் அந்த லேத் பெரும்பாலும் நின்றது. வசந்தாவின் தோடு போயிற்று. என் சேமநிதியில் கடன் எடுத்தேன். முனுசாமி பாதிச் சம்பளத்துக்கு ஒப்புக்கொண்டு, உதிரி வேலைக்கு இங்கேயும் அங்கேயும் ஓடினார். ஏகாம்பரம் அவர்கள் வாரம் ஒருமுறை வந்து வாசலில் நின்று விசாரித்துவிட்டுப் போவார். ஒரு நாள் முனுசாமி பொறுக்கமாட்டாமல், "இன்னா நைனா, உன் வாச்சு இப்ப ஓடுதா?" என்றார்.

"ஓடிகினேதான் கீது. நிறுத்தத் தெர்ல," என்றார் அவர்.

அன்று மாலை நான் திருமுல்லைவாயிலில் இருந்த அவர் வீட்டுக்குப் போனேன். சண்டை போடத்தான் போனேன். அவர் மனைவி தண்ணீர் கொடுத்தார். குடிக்கவில்லை. ஒரு குடும்பத்தை ஐந்து ரூபாய்க்கு நடுத்தெருவில் நிறுத்தியிருக்கிறீர்கள், சீவலைக் கேட்பார்கள் என்று உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். அவர் மனைவியை உள்ளே போகச் சொல்லிவிட்டுப் பேசினார்.

"தெரியும். அந்த ரேட்ட போட்டவனே நான்தான்."

புஷ் வேலையை வெளியே கொடுக்கலாம் என்று, அவர் அப்போது வேலை பார்த்த அதே தொழிற்சாலையில் முடிவானபோது, அதற்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று கடிகாரம் வைத்துப் பார்த்தவர் இவர்தான். நியாயமான கூலியைத்தான் முதலில் எழுதிக் கொடுத்தார். மேலே இருந்தவர்கள் அதிகம் என்றார்கள். அப்போது இவருக்கு ஒரு யோசனை தோன்றியது. சீவலை அவர்களே வைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டால் கூலியில் மூன்றில் ஒரு பங்கைக் குறைக்கலாம். சனிக்கிழமை கையில் காசு விழுகிறது என்றால் பட்டறைக்காரன் ரேட்டைப் பற்றிக் கேட்கமாட்டான். பின்னால் வேண்டும்போது சீவலைத் திருப்பிக் கேட்டுக்கொள்ளலாம். யோசனை பலித்தது. இவருக்குச் சம்பள உயர்வு கிடைத்தது. அந்த ரேட்டை முதலில் ஏற்றுக்கொண்டவர் என் தங்கையின் கணவர்.

"அவுரு ஞாயித்துக்கெழமயும் ஓட்னாரு டீச்சரம்மா. ரேட்டு பத்தாமத்தான் ஓட்னாரு. கேட் பக்கம் வரச்சொல்லோ, நல்லா கீறியான்னு கேப்பேன். நல்லா கீறேன்னுவாரு." கால் ஆடிக்கொண்டிருந்தது. "தங்கச்சியாண்ட இத்த சொல்லாதீங்க. நான் இருக்கிற வரைக்கும் வாணாம். தெரிஞ்சா நான் சொல்ற எத்தயும் கேக்கமாட்டாங்க. மிசினு நின்னது நின்னதாவே பூடும்."

வாக்குக் கொடுத்தேன். அது மனசாட்சியா, தன் பெயரைக் காப்பாற்றிக்கொள்ளும் சாமர்த்தியமா என்று எனக்கு அன்றும் தெரியவில்லை. இன்றும் உறுதியாகச் சொல்லமாட்டேன்.

அதற்குப் பிறகு அவர் செய்ததை மட்டும் சொல்லமுடியும். பாடியிலிருந்து பூந்தமல்லிவரை சின்னச் சின்னத் தயாரிப்பாளர்களைத் தேடி நடந்தார். ஸ்டவ் செய்பவர், மருந்து தெளிக்கும் பம்ப் செய்பவர், குழாய் செய்பவர். ஐந்து பேர் கிடைத்தார்கள். ஐந்து பேரும் சேர்ந்தால்கூடப் பழைய தொழிற்சாலை கொடுத்த வேலையில் பாதிதான். ஆனால் சீவலைக் கணக்கில் சேர்க்காத ரேட். வசந்தா ஒரு புது வழக்கத்தை ஏற்படுத்தினாள். கடைந்த உருப்படிகளோடு சீவலையும் எடை போட்டு, துணிப் பையில் கட்டித் திருப்பி அனுப்பினாள். முனுசாமிக்குச் சனிக்கிழமைக் கறிக்குழம்பு போனதில் மிகுந்த வருத்தம். ஆனால் அந்தப் பையைப் பார்த்துவிட்டுத்தான் ஆறாவது ஆள் வந்தார், ஏழாவது ஆள் வந்தார். மூன்றாம் வருடம் இரண்டாவது லேத் வந்தது. தோடும் மீண்டு வந்தது.

பழைய தொழிற்சாலை சீவலைக் கேட்டது உண்மை. ஆனால் ஏகாம்பரம் அவர்கள் சொன்னதுபோலச் சீக்கிரம் இல்லை, இரண்டு வருடம் கழித்து. அதுவரை பழைய ரேட்டில் ஓட்டியவர்கள் அந்த இரண்டு வருடமும் சனிக்கிழமைக் காசைப் பார்த்தார்கள். பிறகு சிலர் கொட்டகையைப் பூட்டினார்கள். நான் அவரிடம் கணக்குத் தீர்ப்பவள்போலச் சொன்னேன், வசந்தா இன்னும் ஒன்றரை வருடம் பொறுத்து, அதற்குள் வேறு ஆட்களைத் தேடிக்கொண்டு கேட்டிருந்தால் அந்த நான்கு மாதம் மிச்சம் என்று. "ஆமா. காலத்த தப்பா சொல்லிட்டேன்," என்று உடனே ஒப்புக்கொண்டார். தன் பக்கத்து நியாயம் எதையும் சேர்த்துக்கொள்ளவில்லை. அவரிடம் எனக்கு முதலில் வந்த மரியாதை அந்த இடத்தில்தான்.

பூட்டிய கொட்டகைகளுக்கெல்லாம் அவர் போனார். அங்கே ஐந்து ரூபாய் வாங்கவில்லை என்று பின்னால்தான் தெரிந்தது.

அன்று திருமுல்லைவாயில் வீட்டு வாசலில் எஸ்டேட் ஆட்கள் கூட்டமாக நின்றிருந்தார்கள். காட்டுப்பாக்கத்திலிருந்து ஒருவர் வந்திருந்தார். காலை ஏழு மணிக்கு முக்காலி போட்டுக் காத்திருந்தாராம். தறி நூலுக்குச் சாயம் போடும் தொழில், அதைப் பெரிதாக்கலாமா என்று கேட்க இருந்ததாகச் சொன்னார். "இனி யாராண்ட கேக்கறது?" என்று என்னைப் பார்த்தார். பதிலுக்காகக் கேட்டதாகத் தோன்றவில்லை.

வசந்தா பதினொரு மணிவரை வரவில்லை. அதற்குள் நான் வாசலுக்கும் தெருமுனைக்கும் எத்தனை முறை நடந்தேனோ. வந்தபோது புடவை ஓரத்தில் பித்தளைத் தூள் மினுங்கியது. பம்ப்காரருக்குச் சரக்கு அனுப்பிவிட்டு வந்ததாகச் சொன்னாள். மாலை வைத்து வணங்கிவிட்டு வெளியே வந்தவளை, வேப்பமரத்தடிக்குக் கூட்டிப்போய், ஏழு வருடம் சுமந்ததை ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். ரேட், சீவல், சம்பள உயர்வு, அவள் கணவர், எல்லாம்.

அவள் முழுவதையும் கேட்டாள். முகம் மாறவில்லை.

"தெரியும்க்கா," என்றாள்.

கணவர் போனபின் அவருடைய தகரப் பெட்டியைத் திறந்தபோது தொழிற்சாலை கூலியை எழுதிக் கொடுத்த முதல் ரேட் சீட்டு இருந்ததாம். எல்லாரும் ஆங்கிலத்தில் கையெழுத்துப் போடும் இடத்தில் அதில் மட்டும் தமிழில் கையெழுத்து. யார் என்று விசாரித்தாள். அந்த ஆள் வேலையை விட்டுவிட்டுப் பட்டறை பட்டறையாக உட்கார்ந்து யோசனை சொல்கிறார் என்றார்கள். அப்போதுதான் ஆள் விட்டுக் கூப்பிட்டனுப்பியிருக்கிறாள்.

"தெரிஞ்சேவா கூப்பிட்ட?"

"வேற யாரைக் கூப்பிடறது? எங்க குறைச்சோம்னு குறைச்சவருக்குத்தானே தெரியும்."

"அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே வசந்தா."

"சொல்லியிருந்தா வர்றதை நிறுத்தியிருப்பாருக்கா. எனக்கு அவர் வேணுமா இருந்துது." புடவை ஓரத்துத் தூளைத் தட்டிவிட்டு, "முதல்ல கோபம் இருந்துது. அப்புறம் வேலை இருந்துது," என்றாள். மாலையில் இரண்டாவது லேத்தை ஓட்ட யாரும் இல்லை என்று அவசரமாகக் கிளம்பிவிட்டாள்.

ஏகாம்பரம் அவர்களே, உங்களுக்குக் கொடுத்த வாக்கை நான் காப்பாற்றினேன். அதனால் பயன் எதுவும் இருக்கவில்லை என்பதை உங்களிடம் சொல்ல இனி வழியில்லை என்பதுதான் என்னை எழுதவும் விடாமல், எழுதாமல் இருக்கவும் விடாமல் அலைக்கழிக்கிறது. வசந்தாவின் பட்டறையில் அந்த முக்காலி அதே மூலையில் இருக்கிறது. பின்னால் சுவரும் இருக்கிறது. இந்த ஏழு வருடங்களில் ஒரு நாளாவது, ஐயா, நீங்கள் அதில் சாய்ந்து உட்கார்ந்திருக்கலாம்.